தட்டிப் பார்த்து வாங்கிய பெட்டி

கடைக்காரர் ஸ்பீக்கர் பெட்டியைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். என் நாத்தனார் பாட்டுப் போடச் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கை நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால் பெட்டியின் விலாவில் ஒரு தட்டு தட்டினாள். தலையைச் சாய்த்து நின்றாள். இன்னொரு தட்டு. பிறகு புறங்கையால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, “அடுத்தது எடுப்பா” என்றாள். விருத்தாசலம் கடைவீதியில், வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகிற பகல் வேளை அது. கடைக்குள் நாலைந்து டிவி ஒரே நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பேசிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் தட்டித் தட்டிக் காது கொடுத்து நின்றது இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது.

“ஏம்மா, தர்பூசணியா வாங்க வந்தீங்க? பாட்டு போட்டுக் காட்டறேன், கேட்டுப் பாருங்க” என்றார் கடைக்காரர். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் காதோரம் குனிந்து அதையே உரக்கச் சொன்னேன். “பாட்டு எல்லாப் பொட்டியிலயுந்தான் பாடும் தம்பி. பொட்டி நல்லதா கெட்டதான்னு தட்டுனாத்தான் தெரியும்” என்றாள். கருப்பாக, சின்னதாக, கையில் எடுத்தால் கல்மாதிரி கனக்கிற ஒரு ஜோடியை அவர் காட்டினார். அவள் தட்டினாள். பொத்தென்றது. “இது விரிசல் உட்டது. உள்ள எங்கியோ போயிருக்குது.” கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, அது கனமான பலகைம்மா. பொட்டி சத்தம் போடக் கூடாது, உள்ள இருக்கறதுதான் சத்தம் போடணும். உங்க ரூம் சின்னதுங்கறீங்க, அதுக்கு இதான் தோதுப்படும்.” அதை நான் அவள் காதில் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். “நல்ல சாமான் கணீர்னு பேசும். ஊமையா இருந்தா உள்ள கோளாறு. எங்ககிட்டயே சொல்றாரு பாரு அண்ணி.” கடைசியில் மெல்லிய பலகையில் பளபளவென்று காகிதம் ஒட்டிய ஓர் உயரமான ஜோடியைத் தட்டிப் பார்த்து, அது கணகணவென்று பேசியதும், குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக் கொடுத்தாள். அதைத்தான் வாங்கினோம்.

நாத்தனார் என்று எழுதுகிறேனே தவிர, நான் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எல்லாரும் அவளைப் பாப்பா என்றார்கள், நானும் பாப்பா என்றேன். இப்போது தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. ரேஷன் கடையில் “பாப்பா, பையைப் பிடி” என்று நான் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குழந்தையைத் தேடுகிறார்கள். புருஷன் போனபின் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். நான் அவளைத் தாங்கினேன் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது பொய். இரண்டு பேரும் ஒரே பீங்கான் கம்பெனிக்கு ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் உழைத்தோம். யாரிடமும் போய் நின்றதில்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். இதை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க நாளாகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

கம்பெனியில் நான் டீ கப்புக்குக் காது வைக்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பிடியை மண் குழம்பில் தொட்டு, ஈரம் காயாத கப்பில் ஒட்டி, விரலால் வழித்துவிட வேண்டும். என் இடம் கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகை. காற்று வரும், காக்கா வரும், சத்தம் வராது. பாப்பாவின் வேலை வேறு. சூளையிலிருந்து இறங்குகிற சாமானை எல்லாம் தட்டிப் பார்த்துப் பிரிப்பாள். கப்பு, ஊறுகாய் ஜாடி, கரண்டுக்கு வைக்கிற ஃப்யூஸ் கட்டை எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். சூட்டில் விழுகிற விரிசல் மயிரைவிட மெல்லியது. மேலே பளபளப்பு பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கப்பை இடது கை விரல் நுனியில் நிறுத்தி முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் வலது பக்கக் கூடை. பொத்தென்றால் இடது பக்கக் குவியல். அவள் கை நிற்காது, கண் எங்கேயோ இருக்கும், காது மட்டும் அங்கே இருக்கும். வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களை மேனேஜர் அவள் மேசைக்குத்தான் முதலில் கூட்டிவருவார். அவள் கை பட்டுப் போன சாமான் விரிசல் என்று திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை.

அந்த மேசை மில் கொட்டகையின் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய இரும்பு உருளைக்குள் கூழாங்கல்லும் வெள்ளை மண்ணும் தண்ணீரும் சேர்ந்து நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கூட்ஸ் வண்டி போகும்போது ஜங்ஷன் பாலத்தடியில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஆனால் வண்டி போய்விடும், இது போகாது. அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் மயிரிழை விரிசலைக் காதால் பிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மில்லை நிறுத்துவார்கள், நானும் சாப்பிட அங்கே போவேன். அப்போதுதான் தூணில் மாட்டிய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் தெரியவரும். முன்னால் வருகிற வயலின் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் பாப்பா எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவாள். சோற்றைப் பிசைந்துகொண்டே நடுவில் வருகிற புல்லாங்குழலையும் சேர்த்துப் பாடுவாள். அந்த மில் சத்தம் காதைத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் மேசையை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டிருப்போமா என்பதும் தெரியவில்லை.

அது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் போன் அடிப்பது அவளுக்குக் கேட்காமல் போயிற்று. பிறகு குக்கர் விசில். அப்புறம் பெண்பிள்ளைகள் பேச்சு, குழந்தைகள் பேச்சு. ஆண்பிள்ளைகள் தடித்த குரலில் பேசினால் கொஞ்சம் பிடிபடும். காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஏதேதோ சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நரம்பு தேஞ்சிபோச்சும்மா. கீச்சுன்னு மேல வர்ற சத்தமெல்லாம் இவங்களுக்குப் போயிடுச்சு. இருக்கறதும் மெல்ல மெல்லக் கொறையும். திரும்ப வர்றதில்ல.” அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, “என்னா சொல்றாரு?” என்று என்னைக் கேட்டாள். வயசாயிடுச்சாம் என்றேன். “இதச் சொல்லத்தான் கூண்டுல அடைச்சாரா? கப்புக்கெல்லாம் காது வச்சவதானே நீ, இவரு எதுக்கு? நீயே ஒண்ணு வச்சி உட்டுடு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். டாக்டர் கூடச் சிரித்துவிட்டார். காதில் வைக்கிற மிஷினும் வாங்கினோம். அதைப் போட்டால் பாத்திரம் வைக்கிற சத்தம் இடி விழுவதுபோல இருக்கிறது, பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல இருக்கிறது என்றாள். கொஞ்ச நாள் சகித்துவிட்டு பீரோவுக்குள் வைத்தாள். அவள் கணக்கு அவளுக்கு: “பேச்சு கேக்கலன்னா நீங்கள்லாம் முணுமுணுக்கறீங்க. பாட்டு கேக்கலன்னா பொட்டி சரியில்ல.”

வீட்டில் இருந்த பழைய ரேடியோப் பெட்டி சரியில்லை என்று போனில் மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே வந்திருந்தபோது அவன் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி, அவளுக்குப் பிடித்த பாட்டை எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்பீக்கர் மட்டும் அறையைப் பார்த்து இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றான். அவள் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு பீரோ, நடுவில் இரண்டு பேர் உட்கார இடம், அவ்வளவுதான். தரையில் டைல்ஸ், சுவரில் ஒரு காலண்டர். “அத்தை, ரூம் சின்னது, பெருசா வாங்கிடாதீங்க. அம்மா புடிச்ச புடியா நிப்பாங்க. நீங்கதான் பாத்துக்கணும்” என்றான். பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கடையில் தட்டிப் பார்த்து வாங்கியதை மேலே எழுதிவிட்டேன்.

அந்த உயரமான ஜோடி வீட்டுக்கு வந்ததும் அறையே அதிர்ந்தது. தபேலா அடித்தால் பீரோ கதவு அடிக்கிறது. பாடுகிறவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் முந்தின வார்த்தை சுவரில் மோதித் திரும்பி வந்து அதன்மேல் விழுகிறது. பாப்பா மூலையில் வைத்துப் பார்த்தாள், கட்டில்மேல் வைத்துப் பார்த்தாள், ஒன்றை ஒன்று பார்க்க வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிக்கொண்டே போனது. “சாமான் நல்ல சாமான். எனக்குத்தான் வைக்கத் தெரியல” என்றாள். நான் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகிற வழியில் வந்தார். கைதட்டிப் பார்த்தார். அறை திருப்பிக் கைதட்டியது. “சுவரெல்லாம் மொட்டையா இருக்குது பெரியம்மா, தரையும் வழவழன்னு இருக்குது. சத்தம் போய் உக்காரறதுக்கே எடமில்ல. ஜமுக்காளம் போடுங்க, அந்தச் சுவத்துல தடியா ஒரு போர்வை தொங்க உடுங்க. அன்னிக்கிக் காட்டுனேனே அந்தச் சின்ன ஜோடி, அத எடுத்துக்குங்க. சுவத்த ஒட்டாம முன்னாடி தள்ளி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல எதிர்ல உக்காருங்க” என்றார். உயரமான ஜோடியைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதை வாங்கி வந்து, சொன்னபடி எல்லாம் செய்தோம். பாப்பா அந்தக் கனத்த பெட்டியை மறுபடி ஒரு முறை தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “விரிசல் சாமான பணம் குடுத்து வாங்குன மொத ஆளு நாமதான்” என்றாள்.

பிறகு பாட்டுப் போட்டாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நான் பாட்டுக் கேட்கிறவள் இல்லை. பாட்டு எங்கேயாவது பாடும், நான் வேலையைப் பார்ப்பேன். ஆனால் அன்று எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பெட்டி இரண்டும் இரண்டு பக்கத்தில் இருக்க, பாடுகிற அம்மா நடுவில், காலண்டர் மாட்டிய இடத்தில், ஒருவரும் இல்லாத இடத்தில் நின்று பாடினார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்து போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுக்குமுன் அவர் மூச்சு இழுத்தது கேட்டது. ஒரு மூலையில் யாரோ சின்ன மணி ஒன்றை ஆட்டினார்கள். இந்தப் பாட்டை எத்தனையோ வருஷமாகத் தூணடியில் கேட்டிருக்கிறேன், அதற்குள் ஒரு மணி இருப்பது எனக்குத் தெரியாது. ஆசையாகத் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தேன். அவள் இடது பெட்டியின் பக்கம் குனிந்து, நெற்றியைச் சுளித்து, விரிசல் தேடுகிற அதே பழைய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தது.

“நான் அப்பவே சொன்னேன் இல்ல? பொத்து பொத்துங்குது. வயலின காணோம், மணியக் காணோம். கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்குது. உனக்கு எப்படி இருக்குது?” என்றாள்.

மணி இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மில் நின்ற நேரத்தில், தூணில் தொங்கிய அந்த ஓட்டை ரேடியோவிலேயே அவள் அதைப் பிடித்து வைத்திருந்தாள். இப்போது அது என் காதில் அடித்துக்கொண்டிருக்கிறது, என்னால் எடுத்து அவள் காதில் வைக்க முடியவில்லை. நல்லா இருக்குது என்று சொன்னால், அப்போ கோளாறு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் டாக்டர் எனக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். நல்லா இல்லை என்று சொன்னால் பெட்டி போய்விடும். ஊரில் எவனையும் வாயால் மடக்குகிறவள் நான். பஞ்சாயத்தில் எனக்கு நேரே நின்று பேச ஆம்பிளைகள் யோசிப்பார்கள். அன்று வாயில் வந்தது இவ்வளவுதான். “உனக்குச் சரியா இல்லன்னா மாத்திடலாம்” என்றேன்.

மறுநாள் ஆட்டோவில் ஒரு பெட்டி அவள் மடியில், ஒரு பெட்டி என் மடியில். பழமலைநாதர் கோயில் தெருவில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் என் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “அட, அது என்னா கண்ணாடியா, அப்படிப் புடிச்சிக்கிற? விரிசல் சாமான்தானே” என்றாள் பாப்பா. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பெட்டிகளை வாங்கி மேசைமேல் வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. பாப்பா தானாகவே கடையின் பின்பக்கம் போய்க் கூம்பு வாய் வைத்த ஒரு ஜோடியைக் காட்டி, அதைப் போடச் சொன்னாள். “அது கல்யாண மண்டபத்துக்கு வைக்கறதும்மா, வூட்டுக்கு ஆவாது” என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போட்டார். வேலை செய்த பையன்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தகரத்தில் ஆணி இழுத்தாற்போல வயலின் கிழிந்தது. பாப்பாவின் முகம் மெல்ல விரிந்தது. “கேக்குது அண்ணி! வயலின் வருது பாரு!” என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். கடைக்காரர் என்ன செய்யட்டும் என்று கண்ணால் கேட்டார். கட்டிக் கொடு தம்பி என்றேன். அறைக்குப் பொருந்திய பெட்டியை மேசைமேல் விட்டுவிட்டு, அறைக்குள் அடங்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

மகனுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். “அம்மா சந்தோஷமா இருக்காங்களா அத்தை?” என்று மட்டும் கேட்டான். இருக்கிறாள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னா பெரியம்மா, வூட்டுல காதுகுத்தா? பத்திரிகை வைக்கவே இல்லியே” என்று கேட்டாள். பாப்பாவுக்கு அது கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. தினமும் விளக்கு வைத்தபின் ஒரு மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளம்மா என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. கெஞ்சினேன். அவளும் நல்லவள், தலையாட்டிவிட்டாள். ஜன்னலுக்குப் பழைய மெத்தையை வைத்து அடைத்துவிட்டு, நானும் பாப்பாவோடு அறைக்குள் உட்கார்ந்துகொள்கிறேன். என் காது இரண்டும் கொய்யென்று இரைகிறது, எழுந்து வந்த பிறகும் தூங்கும்வரை இரைகிறது. அவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வயலினோடு சேர்ந்து பாடுகிறாள். குரல் எங்கேயோ போகிறது, பாட்டு எங்கேயோ போகிறது. “கணீர்னு இருக்குது இல்ல?” என்பாள். நல்லாருக்குது பாப்பா என்பேன். சில நேரம் பாட்டுக்கு நடுவில் காலண்டர் மாட்டிய இடத்தைப் பார்ப்பேன். அங்கே இப்போது யாரும் நிற்பதில்லை.

மழைக்காலம் வந்தபோது வயலினும் அவளுக்கு வரவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாளம் போடுகிற கை மட்டும் அவ்வப்போது நின்று நின்று, பிறகு ஞாபகத்தில் தேடிப் பிடித்துப் போட்டது. ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டுகிற திருகை நான்தான் திருகுவேன், எழுந்தால் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். “இன்னும் கொஞ்சம் வை அண்ணி” என்பாள். வைப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். திருகின்மேல் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, அது மேலே ஏற ஏற நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாப்பாவுக்குக் காதுதான் போயிற்றே தவிரக் கண் கூர்மை. இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

நேற்று விளக்கு வைத்ததும் பாட்டுப் போட்டேன். கோடு கடைசியில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் திருக இடமில்லை. ஜன்னலில் மெத்தை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் வையேன்” என்றாள். நான் எழுந்து போய்த் திருகைப் பிடித்தேன். அது அசையவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திருகை மறைத்து நின்றிருக்கலாம், எனக்கு அது தோன்றவில்லை. திருகைப் பிடித்தபடி மணிக்கட்டை மட்டும் மெதுவாக வளைத்தேன், வளைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திருகையும் அந்த வெள்ளைக் கோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். பிறகு தொடையில் மெல்லத் தாளம் போடத் தொடங்கினாள்.

“ஆங், போதும் அண்ணி. இப்பச் சரியா இருக்குது. வந்து உக்காரு” என்றாள்.